கரும்பலகையும் கதவும்

கணிதத் துறையைப்போலச் செலவு குறைந்த துறை பல்கலைக்கழகத்தில் வேறில்லை என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. பௌதிகத்துக்குக் கருவிகள் வேண்டும். இரசாயனத்துக்குக் கண்ணாடிக் கலங்களும் அமிலங்களும் வேண்டும். மருத்துவத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியே வேண்டும். கணிதத்துக்கோ கரும்பலகை, வெண்கட்டி, கடதாசி, பென்சில் ஆகியன இருந்தாற் போதும். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. கணித ஆராய்ச்சிக்கு இன்றியமையாத மற்றொன்று உண்டு. அதனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எந்த அரசாங்கமும் சுற்றுநிருபம் அனுப்பி அதனை உண்டாக்க முடியாது. தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று அச்சமின்றிச் சொல்லவும், மற்றவருடைய பிறப்பையும் பாலையும் பேச்சையும் பாராது அவருடைய வினாவை மட்டும் செவிமடுக்கவும் பழகிய மனிதர் சிலர் ஓரிடத்திற் கூடியிருப்பதே அது. அத்தகைய கூட்டம் உருவாக ஒரு நூற்றாண்டு செல்லலாம். அது கலைவதற்கு ஓர் ஆண்டே போதும்.

தமிழைப் பாடமாகக் கற்று, தமிழையே பாடசாலையிற் கற்பித்துவரும் நமக்குக் கணிதத் துறையில் என்ன அலுவல் என்று வாசகர் வினவலாம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபுக்கு உரியோர் நாம் என்று மேடைகளில் முழங்குகிறோம். ஆனால் நமது பாடசாலைகளில் ஒரு கண்ணுக்குரியோர் மற்றக் கண்ணுக்குரியோரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆசிரியர் ஓய்வறையிற்கூடக் கணித ஆசிரியர் ஒரு மூலையிலும் தமிழாசிரியர் மற்றொரு மூலையிலும் இருப்பதே வழக்கம். இவ்வேலியைத் தாண்டிப் பார்க்கும் வாய்ப்பை நமக்கு அளித்தது பல்கலைக்கழக விடுதி.

கணிதத்திற் சிறப்புப் பட்டத்துக்குப் பயின்ற நண்பர் ஒருவரோடு இரண்டு வருடம் ஒரே அறையில் வாழ்ந்தோம். நாம் சங்கச் செய்யுளுக்கு உரை தேடிக்கொண்டிருக்கும் இரவுகளில் அவர் ஒன்றும் எழுதாமற் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், இரண்டு நாளல்ல; சில வேளைகளிற் பத்து நாள் தொடர்ந்து அப்படியே இருப்பார். பின்னர் திடீரென எழுந்து நான்கு வரி எழுதுவார். மறுநாட் காலையில் அதனையும் கிழித்தெறிவார். "இதுதானோ உங்கடை படிப்பு?" என்று ஒரு நாள் கேட்டோம். "பிழையெண்டு கண்டுபிடிக்கிறதும் படிப்புத்தான், மச்சான். ஆனா தனிய இருந்து கண்டுபிடிக்கிறது கஷ்டம். இது பிழையடா எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார். அந்த 'ஆள்' கிடைக்காமையே அவருடைய மாணவப் பருவத்தின் பெருங்குறையாக இருந்தது. அவருடைய அலுமாரியில் இருந்த நூல்களுள் ஒன்று, கொன்ஸ்ரன்ஸ் றீட் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதி 1970ஆம் ஆண்டு வெளிவந்த ஹில்பேட்டின் வாழ்க்கை வரலாறு. குறியீடுகள் அதிகமில்லாத அந்நூலை நாமும் படித்தோம். ஜேர்மனியின் கோட்டிங்கன் என்னும் சிறு நகரம் நமக்கு அறிமுகமானது அவ்வாறே. அன்றுதொட்டு அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்து வந்திருக்கிறோம். அங்கு நிகழ்ந்தவை கணிதருக்கு மட்டும் உரியவையல்ல என்பது நமது துணிபு.

கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1737ஆம் ஆண்டு முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. அதன் கணிதப் புகழ் கௌஸ் என்பவரோடு தொடங்குகிறது. ஏழைத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1777இற் பிறந்த அவர், பிறவூரை ஆண்ட கோமகன் கொடுத்த உதவிப் பணத்திலே கற்றார். 1807 முதல் 1855இல் இறக்கும்வரை கோட்டிங்கன் வானாய்வுக் கூடத்தின் தலைவராக விளங்கினார். கணிதரின் அரசர் எனப்பட்ட அவர் கற்பித்தலை விரும்பியவரல்லர். தாம் கண்டவற்றுட் பலவற்றை வெளியிடாமற் பெட்டிக்குள்ளே வைத்திருந்தவர். அவர் காலத்திற் கோட்டிங்கனில் ஒரு பேரறிஞர் இருந்தார். ஆனால் கணிதருடைய கூட்டம் ஒன்று இருக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களுள் றீமன் நினைவிற் கொள்ளத்தக்கவர். வறிய கிறிஸ்தவ குருவானவர் ஒருவரின் மகன், பேசக் கூச்சமுடையவர், நோயாளி. 1854ஆம் ஆண்டு, விரிவுரையாளராகும் உரிமை பெறுவதற்காகக் கேத்திரகணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி அவர் நிகழ்த்திய உரையை முதியவரான கௌஸ் அமர்ந்து கேட்டார். அறுபது ஆண்டுகளின் பின் ஐன்ஸ்ரைன் தமது பொதுச் சார்புக் கொள்கையை அமைத்தபோது வேண்டிய கணிதம் அவ்வுரையிலிருந்து கிளைத்ததாகும். 1859இல் றீமன் முதன்மை எண்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் அவர் போகிற போக்கிற் சொல்லிவைத்த ஓர் ஊகம், நிறுவப்படாமல் இன்றும் கணிதரின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. 1866இல், நாற்பது வயது நிரம்புமுன்னரே றீமன் மறைந்தார்.

கூட்டம் ஒன்று உருவானது கிளைன் என்பவர் 1886ஆம் ஆண்டு கோட்டிங்கனுக்கு வந்த பின்னரே. அவர் செய்தவற்றுள் நம்மைப் பெரிதும் கவர்ந்தது ஒரு வாசிப்பறை. நூல்கள் நூலகரின் காவலில் அடைபட்டிருக்க, கேட்டுப் பெற்றுக் காத்திருந்து படிப்பதே அக்கால வழக்கு. கிளைன் அமைத்த கணித வாசிப்பறையிலோ நூல்கள் திறந்த தட்டுகளில் இருந்தன. மாணவன் தானே எடுத்துப் புரட்டலாம். ஒன்றைத் தேடப்போய் மற்றொன்றைக் காணலாம். தமது விரிவுரைகளையும் ஒருவரைக்கொண்டு செம்மையாக எழுதுவித்து அங்கு வைத்தார். வகுப்புக்கு வராதவரும் அவற்றைப் படிக்கலாம்; சென்ற வருடம் பேராசிரியர் என்ன சொன்னார் என்று இந்த வருடத்து மாணவர் சரி பார்க்கலாம். அறிவு ஒருவருடைய பெட்டியிலிருந்து பலருடைய மேசைக்கு வந்தமை இதனாலேயே. பெண்கள் பிரஷ்ய அரசின் பல்கலைக்கழகங்களில் முறைப்படி மாணவராக அனுமதிக்கப்பட்டது 1908ஆம் ஆண்டிலே. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளின் முன்னரே, 1895இல், இங்கிலாந்திலிருந்து வந்த கிறேஸ் சிஷோம் என்னும் பெண் கிளைனிடம் பயின்று கோட்டிங்கனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். சொந்த நாட்டின் கேம்பிறிட்ஜ் அவருக்கு ஒரு பட்டமும் வழங்க ஆயத்தமாக இருக்கவில்லை.

அதே 1895ஆம் ஆண்டில் ஹில்பேட் கோட்டிங்கனுக்கு வந்து சேர்ந்தார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் கூடிய கணித மகாநாட்டுக்கென அவர் இருபத்துமூன்று வினாக்களைத் தொகுத்தார். புதிய நூற்றாண்டு விடை காணவேண்டிய வினாக்கள் அவை. றீமனின் ஊகமும் அவற்றுள் ஒன்று. இதனை ஒரு கணம் சிந்திக்க வேண்டும். நம்மிடையே அறிஞர் எனப்படுவோர் தமக்குத் தெரிந்தவற்றைச் சொல்லவே மேடையேறுகின்றனர். ஹில்பேட், தமக்கும் தம் காலத்தவர்க்கும் தெரியாதவற்றைப் பட்டியலிட்டுச் சொல்ல மேடையேறினார். அப்பட்டியல் ஒரு நூற்றாண்டுக் கணிதத்துக்கு வழிகாட்டியது.

அவருடைய வீட்டுத் தோட்டத்தில் நீண்ட கரும்பலகை ஒன்று கூரையோடு அமைக்கப்பட்டிருந்தது. மழை பெய்தாலும் அங்கு நடந்துகொண்டே கணக்குச் செய்யலாம். மாணவரோடும் சக ஆசிரியரோடும் காடுகளினூடே நீண்ட தூரம் நடப்பதும், நடக்கும்போது வாதாடுவதும் அங்கு வழக்கமாயின. அவர் வழிகாட்டலிற் கலாநிதிப் பட்டம் பெற்றோர் 69 பேர் என்பர். பேர்மாவின் தேற்றத்தை நிறுவுவோருக்கு 100,000 மார்க் பரிசு என்று 1908இல் அறிவிக்கப்பட்டபோது, அப்பணம் கோட்டிங்கன் அறிஞர் கழகத்திடம் இருந்தது. நிறுவுவார் எவரும் வராமையால், அதன் வட்டியைக்கொண்டு போங்கரே முதலிய வெளிநாட்டறிஞரை அழைத்து விரிவுரை செய்வித்தனர். விடை கிடைக்காத வினாவும் ஒரு துறையை வளர்க்கும் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டியதில்லை. பரிசு ஈற்றில் 1997ஆம் ஆண்டு வைல்ஸ் என்னும் ஆங்கிலேயருக்கு வழங்கப்பட்டது.

இனி, எமி நோதரின் வரலாற்றுக்கு வருவோம். 1882இற் பிறந்த இந்த யூதப் பெண், 1907இற் கலாநிதிப் பட்டம் பெற்ற பின், தமது ஊரான ஏர்லாங்கனிற் பல ஆண்டுகள் ஊதியமின்றிப் பணிபுரிந்தார். 1915இல் ஹில்பேட்டும் கிளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். விரிவுரை நிகழ்த்தும் உரிமையை அவருக்கு வழங்கவேண்டும் என்று ஹில்பேட் கேட்டபோது பீடம் எதிர்த்தது. எதிர்த்தோர் யார்? கணிதரல்லர். முக்கியமாக எதிர்த்தோர் மொழி நூலிலும் வரலாற்றிலும் வல்ல பேராசிரியர்களே. போர்க்களத்திலிருந்து திரும்பும் வீரர் ஒரு பெண்ணின் காலடியிலிருந்து கற்பதா என்பது அவர்களுடைய கவலை. இது பல்கலைக்கழகமேயன்றிக் குளிக்கும் மண்டபமன்று என்று ஹில்பேட் சொன்னதாக வழிவழி ஒரு செய்தி வழங்குகிறது. மனித மனத்தைப் பண்படுத்துபவை கலைத்துறைகளே என்று மாணவருக்கு நாள்தோறும் சொல்லிவரும் நம் போன்றோர்க்கு இந்நிகழ்ச்சி கசப்பானது. கசப்பானதாயினும் விழுங்கவேண்டிய மருந்து அது.

உரிமை மறுக்கப்படவே, வழி ஒன்று காணப்பட்டது. விரிவுரைகள் ஹில்பேட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன; நோதர் வந்து நிகழ்த்தினார். அந்நிலையிலே, 1918ஆம் ஆண்டு, பௌதிகத்தின் தூண்களுள் ஒன்றாகிய தேற்றத்தை அவர் வெளியிட்டார். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருக்குமாயின் சக்தி அழியாது காக்கப்படும். இங்கும் அங்கும் ஒன்றாகவே இருக்குமாயின் உந்தம் காக்கப்படும். இவ்வாறு ஒவ்வொரு சமச்சீருக்கும் காக்கப்படும் கணியம் ஒன்று உண்டு என்பதே அத்தேற்றத்தின் சாரம். விரிவுரை உரிமை கிடைத்தது 1919இல். பேராசிரியர் என்னும் பெயர் 1922இற் கிடைத்தது. பெயரோடு சம்பளம் வரவில்லை. அடுத்த ஆண்டு முதல் ஒரு சிறு கொடுப்பனவு வந்தது.

நோதரின் அட்சரகணித ஆராய்ச்சியைத் தமிழ் படித்தோர் ஒருவகையில் எளிதில் விளங்கிக்கொள்ளலாம் என்றே நாம் எண்ணுகிறோம். சொற்கள் ஒன்றோடொன்று புணரும் வகைகளைத் தனித்தனியே எழுதப் புகுந்தால் ஆயுள் போதாது. நமது இலக்கண ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. நிலைமொழியின் ஈறு எது, வருமொழியின் முதல் எது என்று அமைப்பை மட்டும் நோக்கினர். சில விதிகளுள் எல்லாச் சொற்களையும் அடக்கினர். இன்னும் பிறவாத சொல்லுக்கும் அவ்விதி செல்லும். நோதரும் எண்கள், பல்லுறுப்பிகள் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிடுவதை விடுத்து, அவற்றுக்குப் பொதுவான அமைப்பை நோக்கினார். ஒன்றையொன்று உள்ளடக்கி ஏறிச் செல்லும் தொடர் எதுவாயினும் எங்கோ ஓரிடத்தில் நின்றே தீரும் என்னும் ஒரே நிபந்தனையிலிருந்து பற்பல தேற்றங்களை 1921இல் எழுதிய கட்டுரையில் வருவித்தார். அந்நிபந்தனைக்கு அமைந்த வளையங்கள் இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஹொலண்டிலிருந்து 1924இல் வந்த வான் டெர் வார்டன் என்னும் இளைஞர், நோதரிடமும் ஹம்பேக்கில் ஆர்ட்டினிடமும் கேட்டவற்றைக்கொண்டு எழுதிய பாடநூல் 1930, 1931ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதுவே நவீன அட்சரகணிதத்தை உலகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுசென்றது. நோதரின் விரிவுரை ஒழுங்கற்றதென்பர். முடிந்த முடிபை அவர் ஒப்புவிக்கவில்லை; மாணவர் முன்னிலையிற் சிந்தித்தார். நமது நண்பர் தேடிய 'ஆள்' இத்தகையவரே.

1929ஆம் ஆண்டின் இறுதியிற் கணிதத் துறைக்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கட்டுவதற்கான பணத்தை அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் தந்தது. துறையை நடத்தியவர் கூறன்ட். உலகின் பல நாடுகளிலிருந்தும் இளங்கணிதர் அங்கு வந்து குவிந்தனர். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்ற ஹில்பேட், தாம் வளர்ந்த கோனிக்ஸ்பேர்க் நகரில் ஆற்றிய உரையை, நாம் அறிந்தேயாக வேண்டும், அறிந்தே தீருவோம் என்னும் உறுதியோடு முடித்தார். அவ்வாசகம் பின்னர் அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டது.

1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் பதவியேறினார். ஏப்ரில் 7ஆந் திகதி, அரச சேவையைச் சீர்செய்வதென்ற பெயரில் ஒரு சட்டம் பிறந்தது. யூதர் அரச பதவி வகிக்கக்கூடாதென்பது அதன் உட்பொருள். அம்மாத இறுதிக்குள் கூறன்டும், நோதரும், பேர்ன்ஸ்ரைனும், பௌதிகப் பேராசிரியரான மக்ஸ் போர்னும் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். நோதர் தம் வீட்டிலேயே மாணவரைக் கூட்டிப் பாடத்தைத் தொடர்ந்தார். அவருள் ஒருவர் நாஸிக் குண்டர்படையின் பழுப்புச் சட்டையோடு வந்தபோதும் நோதர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை என்பர்.

1909 முதல் பேராசிரியராக இருந்த லண்டோ என்பவரை அச்சட்டத்தின் விதிவிலக்கு ஒன்று காத்தது. அவர் நவம்பர் 2ஆந் திகதி நுண்கணித விரிவுரைக்குச் சென்றார். மண்டபத்தின் வாயிலில் மாணவர் திரண்டு நின்று மற்றவர் உள்ளே செல்லாது தடுத்தனர். உள்ளே ஒரேயொரு மாணவன் இருந்தானாம். தடுத்தோருக்குத் தலைமை தாங்கியவர் தைக்முல்லர் என்னும் இருபது வயது இளைஞர். இவர் மந்த மாணவரல்லர். அத்துறையின் அதிசிறந்த மாணவருள் ஒருவர். ஜேர்மன் மாணவருக்கு யூதர் ஒருவர் அடிப்படைக் கணிதம் கற்பித்தல் தகாதென்று லண்டோவுக்கே கடிதமும் எழுதினார். இனம் மாறினால் வகையீடும் தொகையீடும் மாறுமா என்ற எளிய வினா அத்துணைக் கூர்மையான மூளையிலும் எழவில்லை. தைக்முல்லர் 1943இற் கிழக்குப் போர்முனையில் மாண்டார். அவர் கண்ட கணிதம் இன்றும் வாழ்கிறது. அவர் பெயரைத் தாங்கிய வெளிகளைப் பற்றி யூதரும் யூதரல்லாதாரும் ஆராய்கின்றனர். கணிதம் அறிவைத் தரும். அறத்தைத் தானாகத் தந்துவிடாது. இது கணிதத்துக்கு மட்டுமோ? இலக்கியத்துக்கும் இதுவே உண்மை.

அவ்வாண்டு முடிவதற்குள் நோதர் அமெரிக்காவுக்குச் சென்றார். 1935இல், ஐம்பத்துமூன்றாவது வயதில் அங்கேயே இறந்தார். மனைவி யூத வழியினராதலால் வைல் என்னும் பேரறிஞரும் பிறின்ஸ்ரனுக்குப் போனார். கூறன்ட் நியூயோர்க் சென்று அங்கு ஒரு புதிய கணித நிலையத்தை வளர்த்தார். அது இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. லண்டோ பதவி துறந்து 1938இற் பேளினில் இறந்தார். யூதரின் செல்வாக்கு நீங்கியபின் கோட்டிங்கனிற் கணிதம் எவ்வாறிருக்கிறது என்று நாஸிக் கல்வி மந்திரி ஹில்பேட்டிடம் வினவியதாகவும், அங்கு கணிதமே இல்லை என்று முதியவர் பதிலிறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. 1943இல் ஹில்பேட் மறைந்தபோது அவர் உடலோடு சென்றோர் மிகச் சிலர். கட்டடம் இடிக்கப்படவில்லை. கரும்பலகை இருந்தது, வாசிப்பறையின் நூல்கள் தட்டுகளிலேயே இருந்தன. சட்டம் நீக்கியது மனிதரை மட்டுமே. ஆனால் ஒரு நூற்றாண்டாக வளர்ந்த கூட்டம் ஓர் ஆண்டிற் கலைந்தது. போருக்குப் பின் அத்துறை மீண்டும் தழைத்து இன்றும் இயங்குகிறது. எனினும் உலகக் கணிதத்தின் நடுவிடம் அப்போதே கடல் கடந்துவிட்டது.

தூரதேசக் கதையென்று இதனைப் படித்து மூடிவிட நம்மால் இயலவில்லை. கோட்டிங்கனிலிருந்து இலங்கைக்கு ஒரு மெல்லிய இழையும் உண்டு. 1927இல் அந்நகரிற் சில மாதங்கள் தங்கியிருந்த இளைஞர் டிராக், பின்னர் கேம்பிறிட்ஜில் நம்மவரான சி. ஜே. எலியேசருக்கு ஆசிரியரானார். எலியேசர் 1949 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக விளங்கினார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958இல் இனக்கலவரம் மூண்டது. 1959இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஈற்றில் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்தார். ஒருவர் நாடு நீங்குவதற்குக் காரணங்கள் பலவாகலாம். ஆனால் அவர் பின்னே சென்றோர் தொகை பெரிது. 1970களின் முற்பகுதியில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலும், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த தீயும், 1983இன் வன்செயலும் எத்தனை மேசைகளை வெறுமையாக்கின என்பதை நமது துறைகளே அறியும். கோட்டிங்கனில் நடந்ததையும் இங்கு நடந்ததையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க நாம் முற்படவில்லை. வாயிலில் நின்று பிறப்பைக் கேட்கும் வழக்கம் எங்கு தோன்றினும் அதன் விளைவு ஒன்றே என்று மட்டும் சொல்கிறோம்.

அவ்வாறு சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமாயின், நம் வீட்டு வாயிலையும் நோக்குதல் வேண்டும். 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற பணிப்பு வந்தபோது, மரபின் பெயரால் அதனை எதிர்த்தோர் நம்மவரே. பிள்ளைகள் வாங்கிலே அமர்ந்தார்கள் என்பதற்காகப் பாடசாலைகளுக்குத் தீ வைத்தோரும் நம்மவரே. தரையில் இருத்தப்பட்ட அப்பிள்ளைகளுள் எத்தனை கணிதர் இருந்தனர்? அக்கணக்கை எந்தக் கணிதத் துறையாலும் இனிச் செய்ய முடியாது.

இன்று வாங்கில் எல்லோரும் அமர்கின்றனர். தடை வேறு உருவத்தில் வந்திருக்கிறது. நமது பாடசாலையில் உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவைக் கற்ற மாணவி ஒருத்தி. தந்தை தச்சுத் தொழிலாளி. அக்குடும்பத்திற் பல்கலைக்கழகம் செல்லும் முதற் பிள்ளை அவளே. பொறியியற் பீடத்துக்குப் போதிய புள்ளி கிட்டவில்லை. விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்தது. அங்கு கணிதத்தையே சிறப்பாகக் கற்க அவள் விரும்பினாள். தாய் நம்மிடம் வந்தார்.

"கணக்குப் படிச்சு என்ன செய்யிறது, சேர்? கடைசியிலை உங்களைப்போல ஒரு ரீச்சராத்தானே வரவேணும்? அதுக்கு நாலு வருஷம் ஆர் செலவழிக்கிறது?"

இதனை அறியாமை என்று தள்ளிவிட நாம் ஆயத்தமில்லை. கடன்பட்டு மாலை வகுப்புகளுக்குக் காசு கட்டிய தாயின் நியாயமான கேள்வி அது. இணைந்த கணிதம் என்னும் பாடத்தை நாம் ஒரு வாயிற்காவலனாக அல்லவா வைத்திருக்கிறோம்? கடந்தகால வினாத்தாள்களைப் பத்து வருடத்துக்குச் செய்து பழகியவன் உள்ளே, மற்றவன் வெளியே. ஒரு கணக்கை மூன்று நாள் சிந்திக்கும் பிள்ளைக்கு அவ்வாயிலில் இடமில்லை. மூன்று நிமிடத்திற் செய்யும் பிள்ளைக்கே இடம். அந்த வேகமும் தனியார் கல்வி நிலையங்களிற் பணத்துக்கு விற்கப்படும் பண்டம்.

மாணவியைக் கேட்டோம்: "ஏன் பிள்ளை, உமக்குக் கணிதத்திலை அவ்வளவு விருப்பம்?"

"அங்கை போனா ஒருத்தருக்கும் விடை தெரியாத கணக்கும் இருக்குமாம், சேர். அதுகளைச் செய்து பாக்கலாம்தானே?"

ஹில்பேட்டின் பெயரையே அறியாத பிள்ளை, அவர் பாரிஸ் நகரிற் சொன்னதைத் தன் மொழியிற் சொன்னாள். தாயோடு பலமுறை பேசினோம். மகாபொல உதவிப் பணத்தின் கணக்கையும் எழுதிக் காட்டினோம். அவர் தளர்ந்தார். மகள் போனாள். இப்போது அவள் இரண்டாம் வருட மாணவி.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நம்மைக் காண வருவாள். சென்றமுறை அவள் சொன்னவை நமது மனத்தை விட்டு அகலவில்லை. விரிவுரையாளர் வருகிறார், பலகை நிறைய எழுதுகிறார், நூறு பேர் தலை நிமிராமற் பார்த்தெழுதுகின்றனர். பதின்மூன்று வருடம் தமிழிற் கற்றவர்கள் ஆங்கிலத்திற் கேட்க நாவெழாமற் கேள்வியை விழுங்கிக்கொள்கின்றனர். தமிழிற் கேட்கலாமா என்று கேட்பதற்கும் கூச்சம். பரீட்சைக்குச் சென்ற வருட வினாக்களே கைகொடுக்கின்றன. "விளங்கேல்லை எண்டு சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பினம், சேர்" என்றாள். அத்துறையில் அறிஞர் இல்லையென்றோ அவர்கள் கற்பிக்க விரும்பவில்லையென்றோ நாம் சொல்லவில்லை. குறைந்த ஆளணியோடு நிறைந்த பாரத்தைச் சுமப்போர் அவர்கள். ஆனால் விளங்கவில்லை என்று சொல்ல முடியாத இடத்தில் ஆராய்ச்சி பிறக்காது என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். விளங்கவில்லை என்பதே ஆராய்ச்சியின் முதல் வாக்கியம்.

அவளும் தோழியர் மூவரும் இப்போது விடுதியில் வாரத்தில் ஒரு நாள் கூடுகிறார்கள். ஒருத்தி தனக்கு விளங்காத ஒன்றைக் கொண்டுவரவேண்டும் என்பது அவர்களுடைய விதி. அவர்களுள் ஒருத்தி சிங்களப் பெண். ஒருத்தி மலையகத்திலிருந்து வந்தவள். தமிழும் சிங்களமும் உடைந்த ஆங்கிலமும் கலந்த மொழியிற் பேசிக்கொள்வார்களாம். அலுமாரிக் கதவிற் கறுப்புச் சாயம் பூசி அதனைக் கரும்பலகையாக்கியிருக்கிறார்கள். நாம் அவளுக்கு எமி நோதரின் கதையைச் சொன்னோம். சம்பளம் இல்லாமல் எத்தனை வருடம் என்று கேட்டாள், எண்ணிச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், அந்த ஏறிச் செல்லும் தொடரைப் பற்றி எந்தப் புத்தகத்திற் பார்க்கலாம் என்று கேட்டாள்.

நமது நாட்டிற் கணித ஆராய்ச்சி வளரவேண்டும் என்று விரும்புவோர் புதிய கட்டடங்களையும் கணனிகளையும் கேட்கின்றனர், கேட்கத்தான் வேண்டும். அவற்றோடு, திறந்த தட்டுகளுள்ள வாசிப்பறைகளையும், மாணவர் தம் மொழியிற் கேள்வி கேட்கும் உரிமையையும், ஏழைப் பிள்ளை நான்கு வருடம் கவலையின்றிச் சிந்திப்பதற்கு வேண்டிய உதவிப் பணத்தையும் கேட்போமாக. பாடசாலை ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. தமிழ் வகுப்பாயினும் கணித வகுப்பாயினும், விளங்கவில்லை என்று எழும் பிள்ளையை இருத்திவிடாது, அப்பிள்ளையின் வினாவைப் பலகையில் எழுதிவைப்போம். யாருடைய பிள்ளை என்று வினவாதிருப்போம். பல்கலைக்கழகத்துக் கணிதத் துறையின் முதல் வாயில் நமது வகுப்பறையிலேயே இருக்கிறது.